பெயர்வாரிக் கோப்பு: ஊர் மனிதர்களின் ஆவணங்களை அடுக்கும் முறை

ஊர் நூலகமோ, பள்ளி நூற்றாண்டு விழாக் குழுவோ, பங்குக் கோயிலோ, எதுவானாலும் ‘பழைய காகிதம் இருந்தால் கொடுங்கள்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பைகள் வந்து சேரும். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி மலர், ரங்கூனிலிருந்து வந்த கடிதம், கிரயப் பத்திர நகல், மொய் நோட்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத குழுப்படம் என எல்லாம் அதில் கிடக்கும். பிறகு ஒருவர் வந்து, “எங்க தாத்தா பேர்ல ஏதாவது இருக்கா?” என்று கேட்பார். ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுக்கும்படி அந்தக் காகிதங்களை அடுக்கி வைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

மேலைநாட்டு உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களில் இதைக் குடும்பப்பெயர் வரிசையில் செய்வார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. ஆனால் தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர், பட்டப்பெயர், விலாசம், புனைபெயர் எல்லாம் உண்டு. அதனால் முறையை நம் பெயர்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: ஒருவருக்கு ஒரே கோப்பு, அவருக்குள்ள மற்ற பெயர்கள் எல்லாம் அந்தக் கோப்புக்கு வழிகாட்ட வேண்டும்.

## தேவையான பொருள்கள்

- அமிலமற்ற காகித உறைகளும் மடிப்பு அட்டைகளும். கிடைக்காவிட்டால் தரமான வெள்ளைக் காகிதத்தை மடித்து உறையாக்கலாம். பழுப்பு நிறக் கடை உறை வேண்டாம்.
- மூடியுள்ள உறுதியான அட்டைப்பெட்டிகள். உறைகள் மடங்காமல் நிற்கும் அளவில் இருக்க வேண்டும்.
- பெயரைச் சொன்னால் கோப்பைக் காட்டும் சுட்டு அட்டைகள் ஒரு கட்டு. வெள்ளையில் பாதி, வேறு நிறத்தில் பாதி.
- 2பி பென்சில், அழிப்பான், மென்மையான தூரிகை.
- கெட்டி அட்டை போட்ட வரவுப் பதிவேடு ஒன்று.
- படங்களுக்குப் பாலியெஸ்டர் உறைகள். பி.வி.சி. பிளாஸ்டிக் ஆல்பம் கூடாது. அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் படத்தைக் கெடுக்கும்.
- ஈரப்பதம் காட்டும் சிறு கருவி.

கணினி இருந்தால் நல்லது. ஆனால் கணினி இல்லை என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த முறை முழுவதும் பென்சிலிலும் நடக்கும்.

## முதல் கட்டம்: வந்ததை வந்தபடி பதிவது

பையைப் பிரித்ததும் பெயர் வாரியாகப் பிரிக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. வரவுப் பதிவேட்டில் தொடர் எண், தேதி, கொடுத்தவர் பெயர், அவருக்கும் ஆவணத்தில் உள்ளவர்களுக்கும் என்ன உறவு என்பதை எழுதுங்கள்.
2. அன்பளிப்பா, நகல் எடுத்துத் திருப்பித் தர வேண்டியதா என்று கேட்டு எழுதி, கையொப்பம் வாங்குங்கள்.
3. பையில் எது எதோடு இருந்தது என்று ஒரு கைபேசிப் படம் எடுங்கள். ஒரே உறைக்குள் இருந்த கடிதமும் படமும் ஒரே ஆளைப் பற்றியவையாக இருக்கக்கூடும். பிரித்த பின் அந்தத் தடயம் கிடைக்காது.
4. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் கீழ் மூலையில் வரவு எண்ணைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதும்போது அதைக் கண்ணாடி போன்ற கெட்டித் தளத்தில் வைத்து, ஓரத்தில் மட்டும் எழுத வேண்டும்.
5. கொடுத்தவர் எதிரில் இருக்கும்போதே படத்தில் இருப்பவர்களைக் கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பு: “இது யாரு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இவரை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்? பள்ளிக்கூடத்தில் என்ன பெயர்? அப்பா பெயர்? எந்தத் தெரு?” என்று நான்காகக் கேளுங்கள். அடுத்த கட்டத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

## இரண்டாம் கட்டம்: தலைப்பெயரை முடிவு செய்வது

கோப்பின் மேல் எழுதி, அகரவரிசையில் நிறுத்தப் பயன்படும் பெயரைத் தலைப்பெயர் என்போம். இந்த அத்தியாயத்தில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

### அடிப்படைச் சோதனை

பெயரில் உள்ள ஏதாவது ஒரு சொல் தாத்தா, அப்பா, பிள்ளைகள் மூவரிடமும் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது, அது சாதிப் பட்டமும் இல்லை என்றால் அது குடும்பப்பெயர். அதன்கீழ் கோப்பு போடுங்கள். இல்லையென்றால் இயற்பெயரின்கீழ் போடுங்கள். உலக நூலகங்கள் நீண்ட காலம் பின்பற்றிய ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளும் குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரில்தான் பதியச் சொல்கின்றன.

தலைப்பெயர் எழுதும் வடிவம் இது:

*இயற்பெயர், தந்தை அல்லது தாய் பெயர், தெரு அல்லது ஊர், பிறப்பு–இறப்பு ஆண்டு*

ஓர் எடுத்துக்காட்டு: *முருகேசன், தந்தை சுப்பையா, மேலத்தெரு, 1931–2004.* ஒரே ஊரில் பத்து முருகேசன் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பின்னால் வரும் மூன்று விவரங்களும்தான். ஆண்டு தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

### தலைப்பெழுத்து உள்ள பெயர்கள்

தலைப்பெழுத்தை வைத்து ஒருபோதும் வரிசைப்படுத்தாதீர்கள். அது எதைக் குறிக்கிறது என்று விரித்து, கோப்பின் உள்தாளில் (உறைக்குள் வைக்கும் விவரத் தாளில்) எழுதுங்கள். விரிவு ஒரே மாதிரி இருக்காது. உ.வே. சாமிநாதையரின் ‘உ’ உத்தமதானபுரம் என்ற ஊர், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். நூலகத் துறையின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதனும் அப்படித்தான், முதல் எழுத்து ‘சியாழி’ என்று அன்று எழுதப்பட்ட சீர்காழி, இரண்டாவது தந்தை ராமாமிருதம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது அவருடைய தாய் சண்முகவடிவு. ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் மூன்று எழுத்துகளில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தந்தை என மூன்று தலைமுறை இருக்கிறது.

‘எஸ். குமார்’ என்று ஒரு தாளிலும் ‘சு. குமார்’ என்று இன்னொன்றிலும் வந்தால் இரண்டு கோப்பு திறந்துவிடாதீர்கள். அரசு ஆவணங்களில் தலைப்பெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. ஆகவே ஒரே ஆளின் பழைய சான்றிதழும் புதிய சான்றிதழும் இனி இப்படி மாறித்தான் வரும்.

### சாதிப் பட்டம் சேர்ந்த பெயர்கள்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடும்படி அறைகூவியது. அதன் பின் வந்த ஆண்டுகளில் பலர் பட்டத்தை விட்டார்கள். எனவே ஒரே மனிதரின் 1925ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பட்டம் இருக்கும், 1950ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருக்காது.

செய்ய வேண்டியது: பட்டத்தை வரிசைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே உள்தாளில் மட்டும் குறிக்கலாம். பட்டத்தை வைத்துப் பெட்டி பிரித்தால் ஊர் ஆவணம் சாதிவாரிப் பட்டியலாகிவிடும். கொடுக்க வருகிறவர்களும் வரமாட்டார்கள்.

### உண்மையான குடும்பப்பெயர்கள்

தூத்துக்குடி முதலான முத்துக்குளித்துறை ஊர்களில் பர்னாந்து, ரோச், மச்சாது, கொரேரா, மோத்தா போன்ற குடும்பப்பெயர்கள் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் தொடர்பால் வந்து, தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப்பெயர் பெயருக்கு முன்னால் வரும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனில் சர்வபள்ளி அப்படிப்பட்டது. இவற்றுக்குக் குடும்பப்பெயரை முதலில் எழுதி, பிறகு இயற்பெயரை எழுதுங்கள்: *பர்னாந்து, குரூஸ்.*

இங்கே வேறொரு சிக்கல் வரும். கடற்கரை ஊரில் ஒரு பெட்டி முழுவதும் பர்னாந்துகளாக நிரம்பிவிடும். அப்போது குடும்பப்பெயருக்குள் இயற்பெயர் அகரவரிசை, அதற்குள் தந்தை பெயர் என்று பிரியுங்கள். தெருவாரியாகப் பிரிக்க வேண்டாம். வீடு மாறினால் கோப்பும் மாற வேண்டியிருக்கும்.

### கிறித்தவப் பெயர்களின் இரட்டை வடிவம்

கத்தோலிக்கப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீன் வடிவிலோ ஆங்கில வடிவிலோ பெயர் இருக்கும். ஊரில் தமிழ் வடிவத்தில் அழைப்பார்கள். ஜோசப்பும் சூசையும், பீட்டரும் ராயப்பனும், பாலும் சின்னப்பனும், ஜானும் அருளப்பனும், இக்னேஷியசும் இன்னாசியும் ஒரே பெயர்கள். ஊரார் அழைத்த வடிவத்தைத் தலைப்பெயராக வைத்து, மற்றதைச் சுட்டு அட்டையில் காட்டுங்கள்.

### முஸ்லிம் பெயர்கள்

‘அப்துல்’ என்பதையும் அதை அடுத்து வரும் சொல்லையும் பிரிக்கக் கூடாது. அப்துல் கலாம், அப்துல் காதர் என்று சேர்த்தே எழுத வேண்டும். முகமது, சையது, ஷேக் என்று தொடங்கும் பெயர்கள் நிறைய வரும். குடும்பத்தாரிடம் கூப்பிடும் பெயரைக் கேட்டு அதைத் தலைப்பெயராக்குங்கள். முழுப்பெயருக்குச் சுட்டு அட்டை போடுங்கள்.

### பெண்களின் பெயர்கள்

இயற்பெயரில் அடுக்குவதால் வரும் பெரிய நன்மை இங்கே தெரியும். திருமணத்தால் தலைப்பெழுத்தோ பின்னொட்டோ மாறினாலும் கோப்பு நகராது. முத்துலட்சுமி ரெட்டி 1914இல் திருமணத்துக்குப் பிறகே ‘ரெட்டி’ ஆனார். அதற்கு முந்தைய கல்லூரி ஆவணங்களும் பிந்தைய சட்டமன்ற ஆவணங்களும் ‘முத்துலட்சுமி’ என்ற ஒரே இடத்தில் சேர்கின்றன.

‘திருமதி சுப்பையா’, ‘சுப்பையா சம்சாரம்’ என்று மட்டும் எழுதப்பட்ட ஆவணங்கள் ஏராளமாக வரும். அவற்றைக் கணவர் கோப்பில் புதைத்துவிடாதீர்கள். இயற்பெயர் தெரியும்வரை *‘பெயர் தெரியவில்லை, கணவர் சுப்பையா, மேலத்தெரு’* என்று தனிக் கோப்பு திறந்து, கணவர் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

### புனைபெயர், பட்டப்பெயர், விலாசம்

எழுத்தாளர், கலைஞர் எனில் அதிகம் அறியப்பட்ட பெயரே தலைப்பெயர். புதுமைப்பித்தன் என்பது கோப்பு, சொ. விருத்தாசலம் என்பது சுட்டு அட்டை. ஊரில் ‘பட்டாளத்தார்’, ‘சிங்கப்பூரார்’, ‘மணியக்காரர்’ என்று மட்டுமே அறியப்பட்டவர்களுக்கும் அந்தப் பெயரில் சுட்டு அட்டை வேண்டும். தேடி வரும் பேரன் அதைச் சொல்லித்தான் கேட்பார். செட்டிநாட்டுக் குடும்பங்களில் ஆனா, ரூனா, மூனா என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும் விலாசம் உண்டு. கணக்கேட்டிலும் கடிதத்திலும் அதுவே கையொப்பம் போல நிற்கும். விலாசத்துக்கு ஒரு சுட்டு அட்டை போட்டு, அதில் அந்த விலாசத்துக்குரிய எல்லாருடைய கோப்பு எண்களையும் எழுதுங்கள்.

### வெளிநாட்டில் பெயர் திரும்பிய வம்சாவளியினர்

வெளிநாட்டுப் படிவங்களில் ‘குடும்பப்பெயர்’ கட்டத்தை நிரப்ப நம்மவர்கள் தந்தை பெயரையோ சொந்தப் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரில் சுப்பிரமணியன் தந்தை பெயர், சந்திரசேகர் இயற்பெயர். அமெரிக்காவில் அதுவே குடும்பப்பெயராக நின்றது. அவருடைய சித்தப்பா சி.வி. ராமனின் பெயரைப் பார்த்து இருவரும் உறவினர் என்று சொல்லிவிட முடியாது. குடும்பத் தொடர்பைப் பெயரிலிருந்து ஊகிக்காமல், உள்தாளில் ‘உறவினர் கோப்புகள்’ என்று எண்களை எழுதி இணைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு குடும்பமே போதும்.

## மூன்றாம் கட்டம்: எழுத்து வேற்றுமையும் அகரவரிசையும்

ராமசாமி, இராமசாமி, லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி, சாமிநாதன், சுவாமிநாதன், ஸ்வாமிநாதன். இவை வெவ்வேறு பெட்டியில் போய் உட்காராமல் இருக்க, முதல் நாளே கீழ்க்கண்ட முடிவுகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

1. ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறை. ‘ரா’, ‘லட்’ என்று தொடங்கும் வடிவத்தை எடுத்துக்கொண்டால் ‘இரா’, ‘இலட்’ எல்லாவற்றுக்கும் அதுவே. ஆவணத்தில் உள்ள எழுத்துமுறை உள்தாளில் இருக்கும்.
2. உயிர், ஆய்தம், பிறகு க, ங, ச, ஞ என்று தொடங்கி ழ, ள, ற, ன வரை தமிழ் நெடுங்கணக்கு வரிசை.
3. புள்ளி எழுத்து உயிர்மெய்க்கு முன்: ‘சக்கரை’ முதலில், ‘சகாயம்’ பிறகு.
4. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை ‘ன’வுக்குப் பின்.
5. திரு, திருமதி, ஸ்ரீ, டாக்டர், ராவ் பகதூர் போன்ற அடைகளை வரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன் என்பவற்றில் ‘ஸ்ரீ’ பெயரின் பகுதி.

எழுத்துமுறை தடுமாறும் பெயர்களை ஒலியால் சேர்ப்பது பழைய உத்தி. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ முறை, பெயரின் முதல் எழுத்தையும் மெய்யொலிகளுக்கான மூன்று எண்களையும் வைத்துக் குறியீடு தருகிறது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு அதைக் கொண்டு சுட்டிகள் செய்தார்கள். அதன் கருத்தைத் தமிழுக்கு எளிதாக எடுத்துக்கொள்ளலாம்: ந-ண-ன ஒரு குழு, ல-ள-ழ ஒரு குழு, ர-ற ஒரு குழு, ச-ஜ-ஷ-ஸ ஒரு குழு, தொடக்க இகரத்தையும் குறில் நெடில் வேறுபாட்டையும் இரட்டித்த ஒற்றையும் விட்டுவிடுங்கள். கேட்ட பெயர் கிடைக்காதபோது அதே குழுவின் மற்ற எழுத்துகளில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

## நான்காம் கட்டம்: கோப்பு திறப்பது

1. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்போ சுட்டு அட்டையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
2. இல்லையென்றால் அடுத்த தொடர் எண்ணைக் கொடுங்கள்: ஆ-0147 என்பது போல. எண்ணுக்கும் பெயருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. நாளை தலைப்பெயர் திருத்தப்பட்டு உறை இடம் மாறினாலும் எண் மாறாது. புத்தகத்தில் மேற்கோள் காட்டுகிறவர் குறிப்பிட வேண்டியதும் இந்த எண்தான்.
3. உறையின் மேல் ஓரத்தில் தலைப்பெயரையும் வலது மூலையில் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். ஆவணத்தை உள்ளே வைப்பதற்கு முன் எழுத வேண்டும். பிறகு எழுதினால் அழுத்தம் உள்ளே தடம் பதிக்கும்.
4. உள்தாள் ஒன்று வையுங்கள். அதில் அறியப்பட்ட எல்லாப் பெயர்களும், தலைப்பெழுத்தின் விரிவும், உறவினர் கோப்பு எண்களும், உள்ளே இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் இருக்கட்டும்.
5. தலைப்பெயருக்கு வெள்ளை அட்டை, மற்ற ஒவ்வொரு பெயருக்கும் நிற அட்டை எழுதுங்கள். நிற அட்டையில் இருக்க வேண்டியது ஒரே வரி: *‘விருத்தாசலம், சொ. — பார்க்க: புதுமைப்பித்தன்.’*
6. உறையை அகரவரிசைப்படி பெட்டியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால் நடுவில் புதியவர் வரும்போது எல்லாப் பெட்டியையும் நகர்த்த வேண்டியிராது.

கோப்புக்குள் ஆவணங்களை ஆண்டு வரிசையில் வையுங்கள், பழையது முன்னால். ஆண்டு தெரியாதவை கடைசியில்.

### ஒரே ஆவணத்தில் பலர் இருந்தால்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஐந்து பேர், குழுப்படத்தில் முப்பது பேர் இருப்பார்கள். மூலம் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பத்திரத்தை முதலில் கையொப்பமிட்டவர் கோப்பிலும், குழுப்படத்தைத் தனியாகப் ‘படங்கள்’ பெட்டியிலும் வையுங்கள். மற்றவர்களின் உள்தாளில் ‘மேலும் பார்க்க’ என்று எண்ணை எழுதுங்கள். நகல் எடுத்து ஐந்து கோப்பிலும் போடுவது எளிதுதான். ஆனால் சில ஆண்டுகளில் எது மூலம் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

மொய் நோட்டைப் பிரிக்கவே கூடாது. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும் அந்த நோட்டு ஒரு குடும்பத்தின் உறவு வட்டத்தை அப்படியே காட்டுகிறது. விழா நடத்தியவரின் கோப்பில் முழுதாக வைத்து, முக்கியமான பெயர்களுக்கு மட்டும் சுட்டு எழுதுங்கள்.

## ஐந்தாம் கட்டம்: கணினிப் பட்டியல்

அட்டைகள் ஒழுங்கான பின் எக்செல் போன்ற விரிதாளில் ஏற்றுங்கள். ஒரு வரிசை ஒரு பெயருக்கு. ஓர் ஆளுக்கு நான்கு பெயர் இருந்தால் நான்கு வரிசை, ஒரே கோப்பு எண். கட்டங்கள்: கோப்பு எண், பெயர், தலைப்பெயரா சுட்டா, தேடுபெயர், தந்தை அல்லது தாய், ஊர், ஆண்டுகள், பெட்டி எண். ‘தேடுபெயர்’ கட்டத்தில் மேலே சொன்ன ஒலிக்குழுப்படி எளிமையாக்கிய வடிவத்தை இடுங்கள்.

- யூனிகோட் எழுத்துருவில் மட்டும் தட்டச்சிடுங்கள். பழைய எழுத்துருக் கோப்பு வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும்.
- யூனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து ன-வும், ர-வை அடுத்து ற-வும், ச-வை அடுத்து ஜ-வும் இருக்கின்றன. அது நம் நெடுங்கணக்கு அல்ல. உங்கள் மென்பொருள் தமிழ் வரிசையைப் பின்பற்றுகிறதா என்று பத்துப் பெயரை வைத்துச் சோதித்துவிட்டு வரிசைப்படுத்துங்கள்.
- ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டாமல் போகலாம். ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள்.
- ஸ்கேன் செய்யும்போது எழுத்து ஆவணத்துக்கு 300 டிபிஐ, சிறு படங்களுக்கு 600 டிபிஐ. கோப்பின் பெயர் ‘தாத்தா1’ என்று வேண்டாம்; ஆ-0147-03 என்று எண்ணாக இருக்கட்டும்.
- மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். வெள்ளம் வரும் ஊர்களில் இதில் சமரசம் வேண்டாம்.

## பாதுகாப்பு

### காகிதத்துக்கு

- ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு மெல்ல எடுக்க வேண்டும்.
- கிழிந்ததைச் செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது. லேமினேட் செய்யவே கூடாது. அதை மீட்க வழியில்லை.
- செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். நல்ல தாளில் நகல் எடுத்து அதைக் கோப்பில் வைத்து, நறுக்கைத் தனி உறையில் இடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீதுகள் தானே மங்கிவிடும். அவற்றையும் உடனே நகல் எடுங்கள்.
- பெட்டிகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும் இருக்க வேண்டும். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.
- ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பாருங்கள், காற்றோட்டம் கொடுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம்.
- ஓலையில் எழுதிய ஜாதகம் வந்தால் நிமிர்த்தவோ எண்ணெய் தடவவோ முயலாதீர்கள். துணியில் சுற்றி வைத்து, சுவடி நூலகம் ஒன்றில் ஆலோசனை கேளுங்கள்.

### கையாள்பவருக்கு

பூஞ்சை பிடித்த கட்டைப் பிரிக்கும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் அவசியம். அதைத் தனி அறையில், மின்விசிறி போடாமல் பிரியுங்கள். விசிறிக் காற்று பூஞ்சைத் துகளை எல்லாக் கோப்புக்கும் பரப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையில் இறங்க வேண்டாம். பாச்சை உருண்டையை உறைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ போடாதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பது உடலுக்குக் கேடு.

### ஆவணத்தில் இருப்பவருக்கு

- உயிரோடு இருப்பவர்களின் கோப்பைத் தனி நிறத்தில் குறித்து, அவரோ குடும்பத்தாரோ சம்மதித்தால் மட்டும் பார்க்கக் கொடுங்கள்.
- ஆதார் நகல், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு ஆகியவை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் நகலில் ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறையுங்கள்.
- தத்து, விவாகரத்து, வழக்கு பற்றிய தாள்களை மூடிய உறையில் வைத்து, எந்த ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று கொடுத்தவரிடமே கேட்டு எழுதுங்கள்.
- 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவணக் காப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அதை நம்பி முழுப் பட்டியலையும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.
- கடிதம் உங்களிடம் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. எழுதியவர் வாழ்நாளில் வெளியானதற்குப் பொதுவாக அவர் இறந்து 60 ஆண்டுவரையும், வெளியாகாததற்கு முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டுவரையும் அது நீடிக்கும்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

ஒரே பெயரை ஒரே ஆள் என்று கொள்வது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரனும் தாத்தாவும் ஒரே பெயர், ஒரே ஊர், சில சமயம் ஒரே தலைப்பெழுத்து. தந்தை பெயரையும் ஆண்டையும் ஒத்துப் பார்க்காமல் ஒரே கோப்பில் சேர்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு கோப்பாகவே இருக்கட்டும். பிறகு சேர்ப்பது எளிது, கலந்ததைப் பிரிப்பது கடினம்.

சேர்த்த பின் பழைய எண்ணை அழிப்பது. இரண்டு கோப்பும் ஒருவருடையவை என்று தெரிந்தால் ஒன்றை மூடி, அந்த எண்ணில் ‘பார்க்க’ அட்டை வையுங்கள். மூடிய எண்ணை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது.

‘இதர’ என்ற பெட்டி. அது நிரம்பிக்கொண்டே போகும். யாரும் திறக்க மாட்டார்கள். அடையாளம் தெரியாதவற்றுக்கு வரவு எண் வரிசையில் ஒரு பெட்டி வைத்து, ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டுங்கள்.

எடுத்ததைத் தவறான இடத்தில் வைப்பது. ஓர் உறையை வெளியே எடுக்கும்போது அந்த இடத்தில் எடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிய கெட்டி அட்டை ஒன்றைச் செருகுங்கள். திருப்பி வைப்பது ஒரே ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று காத்திருப்பது. முதல் 50 கோப்புகள் ஆனதுமே நிறுத்தி, சோதனை செய்யுங்கள்.

## சோதனை

உங்கள் குழுவில் இல்லாத ஒருவரை அழையுங்கள். கோப்பு உள்ளவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்து, அவர்களின் தலைப்பெயரைச் சொல்லாமல் வேறு பெயர்களை மட்டும் கொடுங்கள்: மூன்று பட்டப்பெயர், இரண்டு திருமணத்துக்குப் பிந்தைய பெயர், இரண்டு ஆங்கில எழுத்தில் உள்ள பெயர், ஒரு விலாசம் அல்லது புனைபெயர், இரண்டு எழுத்து மாறிய பெயர். உங்கள் உதவியில்லாமல் அவர் அட்டைகளைப் பார்த்து உறையை எடுக்க வேண்டும்.

எட்டுக்கு மேல் கிடைத்தால் அடுத்த 50ஐத் தொடங்கலாம். குறைந்தால் உறைகளின் வரிசையை மாற்றாதீர்கள். குறை பெரும்பாலும் நிற அட்டைகளில்தான் இருக்கும். கிடைக்காத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘பார்க்க’ அட்டை எழுதிச் செருகிவிட்டு, வேறு ஒருவரை வைத்து மறுபடி சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு முறை யாராவது வந்து நீங்கள் எதிர்பாராத பெயரில் கேட்கும்போதும், அவர் கிளம்புவதற்குள் அந்தப் பெயருக்கும் ஓர் அட்டை போட்டுவிடுங்கள்.